குழாயடிக் கற்பூரவள்ளி

காலை ஆறரைக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்தது. ரெங்கசாமி குலை வெட்டுகிறவர்களுக்கு நிரை பிரித்துக் கொடுத்தார். பிறகு செம்பனைக் காட்டுக்குள் போகாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளுக்கு வெந்நீர் வைக்க வேண்டும்.

நித்தியா பிள்ளை பெற்று வந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. பிள்ளைக்கு முப்பதாம் நாள் கழியும்வரை காலையில் கொஞ்ச நேரம் வீட்டுக்குப் போய்வர மானேஜரிடம் கேட்டிருந்தார். ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இத்தனை வருஷத்தில் அவர் கேட்ட முதல் சலுகை அது. மானேஜர் காரணம் கேட்கவில்லை. ரெங்கசாமியே சொன்னார். வீட்டில் பச்சை உடம்புக்காரி இருக்கிறாள், அவளுக்குப் பத்தியம் பார்ப்பது நான்தான் என்றார். ஏதோ விருது வாங்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார்.

மனைவி கங்கா இறந்து நாலு வருஷம் ஆகிறது. தாயில்லாத வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு எப்படிப் பெண்ணை அனுப்புவது என்று வளைகாப்பன்று மண்டபத்தில் பேச்சு எழுந்தது. புக்கிட் செந்தோசாவில் மாப்பிள்ளை வீட்டில் வசதி இருக்கிறது, கார் இருக்கிறது, கிளினிக் பக்கத்தில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். ரெங்கசாமி சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்தார். கையில் சோறு ஒட்டியிருந்தது.

"தலப்பிரசவம் பொறந்த வீட்டுலதான். அது பொறந்த வீடு என் வீடு. நான் இன்னும் சாகல."

சம்பந்தியம்மா உஷாராணி அவரை நேராகப் பார்த்து, சரி, ஆனால் பிள்ளை வாடினால் அன்றைக்கே வந்து தூக்கிக்கொண்டு போவேன் என்றாள். ரவாங் தொழிற்சாலையில் முப்பது பெண்களை மேய்த்து ஓய்வுபெற்றவள் அவள். சொன்னால் செய்வாள்.

அதனால் ரெங்கசாமி சமையல் கற்றுக்கொண்டார். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், முருங்கைக்கீரை. பக்கத்து வரிசைக் கண்மணி, இரண்டாம் ஷிப்டுக்குப் போகுமுன் வந்து நித்தியாவுக்குத் தலைக்கு ஊற்றிப் பிள்ளையையும் குளிப்பாட்டிவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் அவர் கை. பிள்ளைத் துணி, மகள் துணி எல்லாம் அவரே துவைத்தார். முதல் நாள் கண்மணி சிரித்தாள். "என்னண்ணே, மண்டோர் வேலய விட்டுட்டு ஆயா வேலைக்கு வந்துட்டீங்களா?" என்றாள். சம்பளம் பத்தவில்லை என்று அவர் பதில் சொன்னார்.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் கற்பூரவள்ளிப் பாத்தி இருந்தது. கங்கா ஒரு கொப்பு நட்டது. குழாய்த் தண்ணீர் வழிந்து வழிந்து, முழங்கால் உயரத்துக்குச் செழித்துத் தரையே தெரியாமல் அடைத்துக்கொண்டது. தடித்த இலை, மேலே பூனைமயிர். காலில் பட்டாலே வாசனை வீடுவரை வரும். தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்குச் சளி கட்டினாலும் இந்தக் குழாயடிக்குத்தான் ஆள் வரும். இலையை நெருப்பில் வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். தலைவலி என்றால் கசக்கி நெற்றியில் போடுவார்கள். பூரான் கடித்த இடத்தில் தேய்ப்பார்கள். மழை விடாமல் பெய்கிற மாதத்தில் கங்கா அதைக் கடலைமாவில் முக்கிப் பஜ்ஜி போடுவாள். பிறந்த பிள்ளைக்கு மட்டும் நேரே கொடுக்க விடமாட்டாள். தாய் குடித்தால் போதும், பாலில் போய்ச் சேரும் என்பாள். அதை நினைவில் வைத்து, ரெங்கசாமி தினமும் நாலு இலை பறித்து ரசத்தில் கிள்ளிப் போட்டு நித்தியாவுக்குக் கொடுத்துவந்தார்.

ஆனால் பால் போதவில்லை.

பிள்ளை மார்பில் வாய் வைக்கும், இழுக்கும், பிறகு விட்டுவிட்டு அழும். கிளினிக்கிலிருந்து வந்த மலாய் நர்ஸ் மிஸி பிள்ளையைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, எடை ஏறவில்லை என்றாள். பயப்பட வேண்டாம், அடிக்கடி மார்பில் போடுங்கள், தாய் நன்றாகச் சாப்பிடட்டும், தூங்கட்டும், சனிக்கிழமை வருகிறேன், அப்போதும் ஏறாவிட்டால் புட்டிப்பால் சேர்ப்போம் என்றாள். நல்ல பெண். ஆனால் தராசுத் தட்டில் கிடந்த பிள்ளையின் மெலிந்த காலைப் பார்த்த ரெங்கசாமிக்கு, அது தன்னுடைய கணக்கு குறைந்த மாதிரி இருந்தது.

மறுநாளே செகிஞ்சான் படகுத்துறைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்தார். அவித்து, முள் எடுத்து, பூண்டு தட்டிப் போட்டுப் புட்டாக்கினார். நித்தியா இரண்டு வாய் தின்றுவிட்டு, போதும்ப்பா என்றாள். மூன்றாவது நாளும் அதையே பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. அன்றுதான் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, தியூர் அக்கா வேலிக்கிட்ட வந்து பேசுனாங்க. அவங்க ஊருல புள்ள பெத்தவங்களுக்குக் கற்பூரவள்ளியதான் கொழம்பா வச்சிக் குடுப்பாங்களாம். கோழி போட்டு. பால் நல்லா ஊறுமாம்."

தியூர் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. கடலுக்கு அந்தப் பக்கம் மேடானிலிருந்து வந்த பத்தாக் இனப் பெண். புருஷன் ரெங்கசாமியிடம் குலை வெட்டுகிறவன். அவளும் அவரிடம்தான் உதிரிப்பழம் பொறுக்குகிறாள். வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கங்காவிடம் தமிழ் பேசப் பழகியிருந்தாள்.

"நாலு எல போடுறது மருந்து. கொழம்பா வச்சா அது என்னா? மாட்டுத் தீனியா?" என்றார் ரெங்கசாமி. "தேங்காப்பால் வேற ஊத்துவாங்க அவங்க. பச்ச ஒடம்புக்கு ஆகுமா?"

நித்தியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

செவ்வாய்க்கிழமை உஷாராணி போன் செய்தாள். எடை விஷயம் மாப்பிள்ளை லிங்கேஸ்வரன் மூலமாக அங்கே போய்விட்டது. அவள் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், நித்தியா துணிமணியை எடுத்துவைத்திருக்கச் சொல்லுங்கள் என்றாள். கடைசியில், "நீங்க கொறை வச்சீங்கன்னு சொல்லலண்ணே. ஆம்பள எவ்வளவுதான் செய்ய முடியும்?" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ரெங்கசாமிக்குத் தைத்தது. போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். முற்றத்தைப் பார்த்தார். பத்து நாளாகப் பிள்ளைத் துணியிலும் அடுப்பிலும் கிடந்ததில் புல் கணுக்கால்வரை ஏறியிருந்தது. வேலியோரம் லாலாங் புல் முளைத்து நின்றது. இந்த லட்சணத்தில் வீடு இருந்தால், உஷாராணி காரிலிருந்து இறங்குமுன்னே முடிவு செய்துவிடுவாள்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டோரிலிருந்து தோள்பம்பை எடுத்துவந்தார். புல்லைக் கருக்கும் மருந்தைக் கலக்கினார். தோட்டத்துக்காரன் வீட்டு வாசலைச் சுத்தம் செய்வது இப்படித்தான். அரிவாளைத் தேடமாட்டான். மகளையும் பிள்ளையையும் முன்னறையில் வைத்துக் கதவு ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். அவர் மருந்தடித்தால் கோடு போட்ட மாதிரி இருக்கும். சின்ன வயதில் அவர் அடித்த நிரையைப் பார்த்துத்தான் பழைய ஆபீஸ் கிராணி அவரை மண்டோராக்கச் சொன்னார். வேலியோரம் முடிந்தது. முன்வாசல் முடிந்தது. பின்பக்கம் திரும்பி, குழாயடிக்கு எட்டிய தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது கடல்காற்று திரும்பியது.

பம்பு முனையிலிருந்து கிளம்பிய பனி, கண்ணெதிரே, கற்பூரவள்ளிப் பாத்திமேல் மெல்லப் போய்ப் படிந்தது.

பம்புப் பிடியை விட்டார். ஆனால் படிந்தது படிந்ததுதான். காற்றைப் பார்க்காமல் அடித்ததற்காக எத்தனை பேரை நிரையிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்.

பம்பை இறக்கி வைத்தார். பாத்தி அப்படியே இருந்தது. இலைகள் பச்சையாக, பளபளவென்று, முன்னைவிட அழகாக இருந்தன. வெயில் பட்டதும் ஈரமும் காய்ந்துவிட்டது. பார்த்தவர் யாரும் இல்லை. நித்தியா ரசத்துக்கு இலை கேட்பாள். கண்மணி வந்தால் பிள்ளை நெற்றிக்கு ஒன்று கிள்ளுவாள்.

ரெங்கசாமி மண்வெட்டியை எடுத்தார்.

சத்தம் கேட்டு நித்தியா பின்கதவைத் திறந்தபோது பாதிப் பாத்தி பெயர்ந்திருந்தது.

"என்னப்பா பண்றீங்க? அது அம்மா வச்சது."

"மருந்து பட்டுருச்சு. கதவ சாத்து."

"யாரு அடிச்ச மருந்து?"

"நான் அடிச்சதுதான்."

"நல்லாத்தானப்பா இருக்கு. பச்சையா."

"நாலு நாளைக்குப் பச்சையாத்தான் இருக்கும்மா."

"ஒரு கொப்பாச்சும் வைங்கப்பா."

"வேணாம். ஒண்ணு வச்சா, அதக் கிள்ளச் சொல்லும் கை."

நித்தியா கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுவது கேட்டது. பிறகு பிள்ளை அழுவதும் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. வேரோடு பெயர்த்து, கோணியில் கட்டி, காட்டோரம் குழி தோண்டிப் புதைத்தார். குழாயடி மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி அள்ளிக் குழியில் கொட்டினார். குளித்தார். சட்டையை மாற்றினார். தலையைக் கூடச் சீவினார். வேலியைச் சுற்றிக்கொண்டு, தியூர் வீட்டு முன்வாசல் வழியாகப் போய் நின்றார்.

பன்னிரண்டு வருஷத்தில் அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. வேலை சொல்ல வேண்டுமென்றால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கூப்பிடுவார்.

தியூர் உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் உலக்கையை நிறுத்தினாள். "மண்டோர் வந்திருக்கு. நான் இன்னிக்கி லீவு சொல்லியாச்சு" என்றாள்.

வேலைக்காக வரவில்லை என்றார். கொஞ்சம் கற்பூரவள்ளி இலை வேண்டும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மண்வெட்டிச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். பின்பக்கம் கூட்டிப் போனாள். மருந்துக் காற்று எட்டாத அந்தப் பக்கச் சுவரோரம் நீளத்துக்குக் கற்பூரவள்ளி நின்றது. அவருடைய பாத்தியைவிட இரண்டு மடங்கு இருக்கும். ரெங்கசாமி குனிந்து நாலு இலை கிள்ளினார்.

"நாலா?" என்றாள் தியூர். "நாலு எல யாருக்கு, பூனைக்கா?"

அவள் ஒரு கூடையை எடுத்துக் கொப்புக் கொப்பாக ஒடித்துப் போட ஆரம்பித்தாள். தன் ஊரில் இதை பாங்குன்-பாங்குன் என்பார்கள், பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு மாதமும் அடுப்பில் இதுதான் என்றாள். பாதித் தமிழும் பாதி மலாயுமாக அவள் சொல்லிக்கொண்டே போனாள். ரெங்கசாமி போதும் போதும் என்றார். இவ்வளவையும் வாங்கிக்கொண்டு போவது அவருக்கு என்னவோ போலிருந்தது. நாளைக்கு வேலைக்காட்டில் இவளை எப்படி அதட்டுவது?

"வாங்கிக்கோலா மண்டோர். இது என் சாமான் இல்ல. கங்கா அக்கா குடுத்த கொப்புதானே."

அவருக்கு அது தெரியாது. நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குப் பெரியவன் பொறந்தப்போ இங்க யாரு இருக்கா? அம்மா இல்ல, அக்கா இல்ல. நான் அழுதுட்டு இருந்தேன், இந்த எல இங்க கெடைக்காதுன்னு. கங்கா அக்கா வேலிக்கிட்ட வந்து, என்னா எலைனு கேட்டுச்சு. நான் மலாய்ல சொன்னேன். தடியா இருக்கும், மயிரு இருக்கும், வாசம் இருக்கும்னு. அது போயி ஒண்ணு கிள்ளிட்டு வந்து, இதான்னு கேட்டுச்சு." தியூர் சிரித்தாள். "அப்பறம் அதுதான் ஒரு மாசம் எனக்குச் சமைச்சுச்சு. உங்க வீட்டு அடுப்புல."

"என் வீட்டுலயா?"

"பின்ன? நான் சொல்லுவேன், அது வைக்கும். மிச்சத்த நீங்களும் சாப்பிட்டீங்க. அக்கா வந்து சொல்லும், எங்க வீட்டுக்காரரு ரெண்டு தட்டு சோறு தின்னாரு, இன்னிக்கி என்னா கோழிக் கொழம்பு இவ்ளோ வாசமா இருக்குனு கேட்டாருன்னு."

ரெங்கசாமி கூடையைப் பிடித்தபடி நின்றார். அந்தக் குழம்பு அவருக்கு ஞாபகம் வந்தது. கேட்டதும் ஞாபகம் வந்தது. கங்கா, புது மசாலா என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்திருப்பாள்.

"பச்ச ஒடம்புக்குத் தேங்காப்பால் ஆகும்னு அவ ஒத்துக்கிட்டாளா?" என்று கேட்டார்.

"மொத நாளு சண்ட போட்டுச்சு. அப்பறம் தண்ணிப் பாலா ஊத்துச்சு. எனக்கும் ஒடம்பு கெடல, அக்கா பேச்சும் கெடல."

வியாழக்கிழமை காலை வெந்நீர் வேலை முடிந்ததும் சமையல் ஆரம்பமானது. அன்றைக்கும் லீவு சொல்லியிருந்த தியூர், வந்து சமைத்துத் தருகிறேன் என்றாள். ரெங்கசாமி ஒப்பவில்லை. என் பெண்ணுக்கு என் கையால்தான் என்றார். அவள் அடுப்படி ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வேலை வாங்கினாள்.

இலையைக் காம்பு நீக்கி உருவச் சொன்னாள். உப்புப் போட்டு, பச்சைச் சாறு இறங்கும்வரை பிசைந்து பிழியச் சொன்னாள். அவர் லேசாகப் பிசைந்தார். "குலைய வெட்டுற கை தானே அது? நல்லா அமுக்குங்க" என்றாள். உரலில் சின்ன வெங்காயம், மிளகு, லெங்குவாஸ் இஞ்சி, மஞ்சள் இடித்தார். செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டை நசுக்கிப் போட்டார். நாட்டுக்கோழியைக் குவாலிச் சட்டியில் வதக்கி, வெந்து வரும்போது பிழிந்த கீரையைச் சேர்த்தார். கடைசியில் தண்ணிப் பால். கையை எடுத்தால் கத்தினாள். கிண்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், திரிந்துவிடுமாம்.

"நீ என்னா, என்னையே வெரட்டுற?" என்றார்.

"காட்டுல நீங்க மண்டோர். இங்க நாந்தான்."

உள்ளறையில் நித்தியா சிரித்தாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் ஒரு கிண்ணம் குடித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள். சாயந்திரமும் கேட்டாள். கீரையைச் சோற்றில் பிசைந்து தின்றாள். அம்மா வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லவில்லை. அவள் அப்போது பள்ளிக்கூட விடுதியில் இருந்தவள், அந்தக் குழம்பைத் தின்றதில்லை. நல்லா இருக்குப்பா என்று மட்டும் சொன்னாள். வயிறு நிறைந்து, பிள்ளையை அணைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினாள்.

இலை செய்ததோ, தூக்கம் செய்ததோ, பிள்ளையே பழகிக்கொண்டதோ தெரியாது. ஆனால் ரெங்கசாமிக்கு முதலில் தெரிந்தது துவைக்கும் கல்லில்தான். வெள்ளிக்கிழமை காலை மகளின் நைட்டியை எடுத்து வாளியில் போட்டபோது முன்பக்கம் விறைத்திருந்தது. பால் காய்ந்த விறைப்பு. பால் வாசனை. அடுத்த இரண்டு நைட்டியும் அப்படியே. அவர் துவைத்தார். மூன்றையும் பிழிந்து, தெருவைப் பார்த்த கொடியில், வரிசையாக, வெளியே தெரியும்படி காயப்போட்டார். வழியில் போன கண்மணி, என்னண்ணே கொடி ஏத்தியாச்சா என்று கேட்டாள்.

சனிக்கிழமை மிஸி வந்தாள். தராசு முள் நகர்ந்த இடத்தைப் பார்த்து, ம் என்று தலையாட்டினாள். புட்டி வேண்டாம், இப்படியே போகட்டும் என்றாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு ஒரு கரண்டி ருசியும் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றபோது முற்றத்துப் புல் மஞ்சளாகக் கருகிக் கிடந்தது. ரெங்கசாமிக்கு இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. லிங்கேஸ்வரன் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். உஷாராணி கையில் பால்மாவு டின் இருந்தது. அவள் வாசலையோ புல்லையோ பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

ரெங்கசாமி மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டார். காப்பி கலக்கினார். வேலையைப் பற்றி ஏதோ கேட்டார், பதிலைக் கேட்கவில்லை. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. பிள்ளை ஒரு தடவை சிணுங்கி நின்றது. பிறகு சத்தமே இல்லை. பிள்ளை வயிறு நிறையக் குடிக்கும்போது ஒரு அமைதி இருக்கும். அது ரெங்கசாமிக்கு இப்போது தெரியும்.

உஷாராணி வெளியே வந்தாள். பிள்ளை அவள் தோளில் இருந்தது. கடைவாயில் பால் வழிந்து அவள் சேலையில் நனைந்திருந்தது. அவள் துடைக்கவில்லை.

"என்னண்ணே குடுத்தீங்க?"

ரெங்கசாமி அவளை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டினார். இது கற்பூரவள்ளிக் குழம்பு, மேடான்காரர்கள் வைப்பது, பக்கத்து வீட்டுத் தியூர் சொல்லிக் கொடுத்தாள், அவளுக்கு முன்னால் கங்கா இதே அடுப்பில் வைத்திருக்கிறாள், இப்போது நான் வைத்தேன் என்றார். ஒருவரையும் விட்டுவிடாமல் வரிசையாகச் சொன்னார். அவள் பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுச் சோறு போட்டுக்கொண்டாள். நின்றபடியே தின்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து மகனிடம் சொன்னாள்.

"லிங்கேஸ், அந்த பேக்க கார்லயே வச்சிரு. டின்னையும் எடுத்துக்க. முப்பது கழிச்சு வருவோம்."

ரெங்கசாமி பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில் தியூர் வேலியைச் சுற்றி வந்தாள். கையில் ஒரு கட்டுக் கற்பூரவள்ளிக் கொப்பும், பழைய பெயின்ட் டப்பாவில் புது மண்ணும் இருந்தன. ரெங்கசாமி பிள்ளையை உஷாராணியிடம் கொடுத்தார். சம்பந்தியம்மா, இதுதான் தியூர் என்றார். பிறகு குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெட்டியெடுத்த இடத்தில் புது மண்ணைக் கொட்டி, விரலால் குழி போட்டு, ஒவ்வொரு கொப்பாக நட ஆரம்பித்தார்.

உஷாராணி குனிந்து இலையைத் தொட்டுக் கையை முகர்ந்தாள். தன் இளைய மகள் இப்போது ஐந்து மாதக் கர்ப்பம் என்றாள். எனக்கும் ஒரு கொப்பு வேண்டும் என்று தியூரைப் பார்த்துக் கேட்டாள். தியூர் ரெங்கசாமியைக் காட்டினாள். இது மண்டோர் வீட்டுச் செடி, அவரைத்தான் கேட்க வேண்டும் என்றாள்.

ரெங்கசாமி கட்டிலேயே தடித்த கொப்பாகப் பார்த்து எடுத்தார். அடியிலைகளைக் கிள்ளினார். ஈரத்துணியில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். தண்ணீர் வழிகிற இடமாகப் பார்த்து வையுங்கள், தானாக வரும் என்றார். உஷாராணியும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர் மறுபடி குனிந்து மண்ணைத் தட்டினார். முதுகுக்குப் பின்னால் தியூரின் குரல் கேட்டது. எல்லாருக்கும் கேட்கும்படி, சுத்தமான தமிழில் கேட்டாள்.

"மண்டோர், இனிமே இந்தப் பக்கம் மருந்து பம்பு வருமா, வராதா?"